கீழ்க்குளத்துப் பலகை

உங்கள் காவல் நிலையத்தில் ஒரே தேயிலையில் மூன்றாவது முறையாக வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பரவாயில்லை, குடிக்கிறேன். கூப்பிடாமல் வந்தவளுக்கு இது போதும்.

நான் வந்தது ஒரு பிழையைத் திருத்துவதற்காக. போன வெள்ளிக்கிழமை நீங்கள் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்துக்குப் பதிலாக என் முத்திரையை வாங்கிக்கொண்டு போன காகிதத்தில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. "காவல்காரி எச்சரிக்கைப் பலகையை மாட்ட மறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் தங்கை சயோவை மீனவர்கள் வலையிலிருந்து எடுத்துக் கரையில் கிடத்தி நாலு மணி நேரம்கூட ஆகாத சமயம் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டீர்கள்.

சனிக்கிழமை அந்தச் சொல் செய்தித்தாளில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதையே கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஊர்த்தலைவர் கஜிதானி ஒரு கூடைப் பழத்தோடு வந்து என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கினும்மா, யாரும் உங்களக் குறை சொல்லல. வயசாச்சுன்னா எல்லாருக்கும் வர்றதுதானே இது. நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

தன் பேரனின் பெயரையே இரண்டு முறை மாற்றிச் சொல்கிற மனிதர். அவர் என் மறதியை மன்னிக்கிறார். இனிமேல் பலகையெல்லாம் வேண்டாம், தானாக எரிகிற சிவப்பு விளக்கு வைத்துவிடலாம் என்றும் சொன்னார். அப்படியே என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார் என்பது அவர் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த அளவுக்குப் பதமாகச் சொன்னார்.

நான் மறக்கவில்லை, உசுகி சார். அதைச் சொல்லத்தான் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறேன்.

நீங்கள் மலைப்பக்கத்து ஆள் என்று கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் இசோனேயில் இரண்டு வெந்நீர்க் குளங்கள் உண்டு. சாலையோரம் கண்ணாடி ஜன்னல் வைத்தது மேல்குளம். அதில் எந்த முட்டாளும் குளிக்கலாம், குளிக்கிறார்கள். அங்கிருந்து எண்பத்துநாலு படி இறங்கினால் பாறைகளுக்கு நடுவே கீழ்க்குளம். அதில் உட்கார்ந்தால் கழுத்தளவு வெந்நீர்; கையை நீட்டினால் கடல். அதற்காக டோக்கியோவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வந்து, தண்ணீரில் உட்கார்ந்து, தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, "அடேயப்பா, கடல் எவ்வளவு பெரிசு" என்கிறார்கள். எட்டு மணி நேரம் பயணம் செய்து கண்டுபிடித்தது அது.

அவர்கள் குளிப்பதை இருபத்தாறு வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். துணியைக் கழற்றினால் மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்று சொல்வார்கள். அப்படியில்லை. துணியோடு இருக்கும்போதுதான் கொஞ்சமாவது தேறுவார்கள்.

என் வேலை கடலைப் பார்ப்பது. கீழ்க்குளத்துக்கு வெளியே இருபது அடியில் குதிரைப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் கால் நனைந்தால் ஒன்றுமில்லை. வயிறு நனைந்தால் குழந்தைகளை இறக்கக் கூடாது. உச்சி நனைந்தால் படியின் தலைப்பில் கயிற்றைக் கட்டி, 'இன்று கீழ்க்குளம் இல்லை' என்ற பலகையை மாட்ட வேண்டும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எனக்கு முன்னால் இருந்த கிழவன் வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதுவான். நான் ஒரு நாள்கூட விட்டதில்லை. இருபத்தாறு வருடத்தில் கீழ்க்குளத்தில் ஒருவருக்குக்கூட முழங்கால் சிராய்த்ததில்லை.

செப்டம்பரில் ஒரு கடல் வரும். வானம் துடைத்துவைத்தாற்போல் இருக்கும். இலை அசையாது. புயல் ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எங்கோ நின்றுகொண்டிருக்கும். அங்கே கிளம்பிய அலை இரண்டு நாள் நடந்து இங்கே வந்து சேரும். கால் மணி நேரம் கடல் தூங்குகிற மாதிரி கிடக்கும். பிறகு மூன்று அலையோ நாலு அலையோ, ஒன்றின் முதுகில் ஒன்றாக எழுந்து வந்து கீழ்க்குளத்தை வழித்துக்கொண்டு போகும். மறுபடியும் தூங்கும். கள்ளக்கடல். பார்க்கத் தெரியாதவன் தூங்குகிற நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு இறங்குவான்.

இதோ நோட்டு. சுற்றியிருக்கிற துணியைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் எழுதியிருக்கும் பக்கம். 'வியாழன், காலை ஐந்து இருபது. கள்ளக்கடல். குதிரைப்பாறை உச்சிவரை நனைகிறது. இடைவெளி பதினேழு நிமிடம். கீழ்க்குளம் மூடப்பட்டது.' மறந்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று நீங்களே பாருங்கள்.

அது போதாதென்றால், அன்றைக்கு எட்டு மணிக்கு நகோயாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் கழுத்தில் கேமரா, அந்த அம்மாவின் கையில் நாய். தேடிப் பிடித்துக் கேளுங்கள். பலகையைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வாதாடினார்.

"இவ்வளவு தூரம் வந்துருக்கோம்மா. கடல் சும்மா கெடக்குது, பாருங்களேன்."

"பார்த்துட்டுத்தான் மாட்டினேன்."

"அஞ்சே நிமிஷம். ஒரு போட்டோ எடுத்துட்டு ஏறிடறோம்."

"மேலேர்ந்து எடுங்க. கடல் எங்கயும் ஓடிடாது."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய உயிரை நான் காப்பாற்றினேன் என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நன்றி சொல்கிற முகங்கள் இல்லை.

ஆக, எட்டு மணிக்குப் பலகை இருந்தது. பத்தேகால் மணிக்கு இல்லை. நடுவில் அதைக் கழற்றியது நான். பத்து ஆறுக்கு. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். பலகையைக் குடை வைக்கிற மூலையில், எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாத்திவைத்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே. எடுத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கிடக்கிற தொகாஷியைக் கொல்வதற்காகவா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு முதலில் தோன்றியது அவன் பெயர்தான். தோன்றட்டும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். அவன் எங்கே இருந்தாலும் முன்னால் வந்து நிற்கிற ஆள். அவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொகாஷி தொயோஹாஷியில் சுற்றுலாப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்று, இடுப்பு வலிக்கு வெந்நீர் நல்லது என்று யாரோ சொல்லி இங்கே வந்தான். குளத்தில் இறங்குவதற்கு முன் உடம்பைக் கழுவ வேண்டும். அதைப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். தொகாஷி மூன்று குவளை தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொள்வான், அவ்வளவுதான், தொபீரென்று இறங்குவான். துண்டைத் தண்ணீரில் நனைப்பான். ஆரஞ்சுப் பழத்தைக் குளத்துக்குள்ளேயே உரித்து, தோலை மிதக்கவிட்டு, "வாசனையா இருக்கும் அக்கா" என்று என்னிடம் சொன்னான். வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டான். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவன். பேருந்தில் நாற்பது வருடம் முன்பின் தெரியாதவர்களிடம் மைக்கில் பேசிப் பேசி, உலகமே தன் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

சயோ அப்போது பக்கத்து விடுதியில் சமையலறையில் இருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் எனக்குத் துண்டுகளை மடித்துக் கொடுக்க வருவாள். அவன் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

சயோவைப் பற்றி உங்கள் காகிதத்தில் 'விவாகரத்தானவர், வயது 58, அக்காளுடன் வசித்தவர்' என்று இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடியும், உங்களுக்கு. எங்கள் அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது, எனக்குப் பதினேழு. அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே வேறொருத்தியோடு கோபேவுக்குப் போய்விட்டார். சயோவைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மீன் காயவைக்கிற கொட்டகையில் வேலைக்குப் போனவள் நான். எனக்கும் ஒருவன் கேட்டு வந்தான். கூடவே ஒரு சின்னப்பெண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றதும் அவனுடைய அம்மாவுக்குத் திடீரென்று ஜாதகம் பொருந்தவில்லை. அந்தக் குடும்பத்தை நான் வெறுக்கவில்லை. வெறுக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

சயோ நல்ல பெண். ஆனால் தனக்கு எது நல்லது என்று தானாகத் தெரிந்துகொள்கிற சக்தி அவளுக்குக் கிடையாது. இருபது வயதில் நகோயாவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்துவிட்டது என்று குதித்தாள். அவள் புறப்படுகிற அன்று எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தேன். ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்ப்பார்கள். சயோ பெட்டியைப் பிரித்துவைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சினாள்.

இருபத்துநாலு வயதில் அஞ்சலகத்தில் வேலை பார்த்த ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனாள். நான் தடுக்கவில்லை. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்தேன். அவள் கடிதங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. சந்தோஷமாக இருக்கிறவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். ஒரு நாள் ஒரு பெட்டி இனிப்போடு அவள் மாமியாரைப் போய்ப் பார்த்தேன். சயோவுக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார், மறைத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று தலை தரையில் படும்படி குனிந்து சொன்னேன். அப்படி எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள்: ஒருவர்கூட மருத்துவர் பெயரைக் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் சயோ வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவள் பாயை எடுத்து வெயிலில் போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். ஒரு சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொகாஷி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தவன், மாதம் ஒரு முறை வர ஆரம்பித்தான். பிறகு மலையடியில் அறை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்கினான். சயோவுக்கு முன்பல் ஒன்று விழுந்து பத்து வருடமாகிறது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது, அடக்கமாக. தொகாஷி அவளைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பல் வைத்துவிட்டான். அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்து சிரித்தாள். மேல்குளத்தில் சிரித்தால் கீழ்க்குளத்துக்குக் கேட்கும். ஐம்பத்தெட்டு வயதில்.

"அக்கா, நல்லாருக்கா?" என்று பல்லைக் காட்டினாள்.

"மத்த பல்லெல்லாம் பழசாத் தெரியுது" என்றேன்.

அதற்கும் சிரித்தாள். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டில் சொன்னாள். நான் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நான் அவரோட தொயோஹாஷிக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழம காலைல பஸ்ஸுக்கு." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நீயும் வாயேன்க்கா. தனியா இங்க என்ன பண்ணுவ? துணி தொவைக்கிற மெஷின் பக்கத்துல ஒரு சின்ன ரூம் இருக்காம். சாமானெல்லாம் எடுத்துட்டுச் சுத்தம் பண்ணித் தர்றேன்னு அவரே சொல்றாரு. நல்ல மனசுக்கா அவருக்கு."

துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில். உங்களுக்கு அம்மா இருக்கிறார்களா, சார்? அவர்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சொல்ல வேண்டாம். நான் முள்ளை எடுத்து முடித்து, மீனை அவள் தட்டில் வைத்தேன். எப்போதும் வைப்பதுதான். அவள் சாப்பிட்டாள்.

"நீ போய் நல்லாரு. நான் கடலைப் பார்த்துக்கணும்" என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்தாள். அந்த மூன்று நாளும் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். எனக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று காகிதம் ஒட்டினாள், நானே நிரப்பிவைத்த டப்பாக்களுக்கு.

வியாழக்கிழமை காலையில் சொன்னாள்: "அக்கா, பத்து மணிக்குப் பொம்பளைங்க நேரம்தானே? ஒரு தடவ கீழ்க்குளத்துல குளிச்சுட்டு வந்துடறேன். இனிமே எப்பக் கெடைக்குமோ."

"வா" என்றேன். பலகை அப்போது மாட்டியிருந்தது. ஆனால் நாங்கள் வீட்டில் இருந்தோம், அவள் பார்க்கவில்லை.

அன்றைக்குத் தொகாஷி காலையிலேயே பெட்டிகளைக் கட்ட வந்துவிட்டான். கட்டுவதற்குச் சணல் கயிறு வேண்டும், கூட்டுறவுக் கடையில் நல்லதாக இருக்கும், போய் வாங்கி வாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். போக வர ஐம்பது நிமிடம். இதைக் கவனமாக எழுதுங்கள். அவனைக் கொல்ல நினைத்திருந்தால் கடைக்கு அனுப்பியிருப்பேனா? பெண்கள் நேரத்தில் அவன் கீழே இறங்கவே முடியாது. இதைக் கேட்டால் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைப்பார்கள், ஆனால் நீங்களாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவனைக் கொன்று எனக்கு என்ன ஆகப்போகிறது? அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் வருவான். இடுப்பு வலிக்காரர்களுக்கா இந்த நாட்டில் பஞ்சம். திறந்துகொண்டது அவள்தான். அவளைத்தான் மூட வேண்டியிருந்தது.

பத்து ஐந்துக்கு ஒரு கூட்டம் அலை வந்து போயிற்று. குதிரைப்பாறை முழுக்க மறைந்து வெளியே வந்தது. பத்து ஆறுக்குப் பலகையைக் கழற்றினேன், முன்பே சொன்னேன். பத்துப் பன்னிரண்டுக்குச் சயோ வந்தாள். துண்டும் சோப்பும் கையில். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"கடல் எப்படிக்கா இருக்கு?"

"நீயே பாரு. ஒரு அலை இல்ல."

அது அந்த நிமிடத்துக்கு உண்மை. நான் பொய் சொல்வதில்லை.

யார் எங்கே கிளம்பினாலும் எங்கள் வீட்டில் 'போயிட்டு வா' என்போம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்றைக்கு நான் 'போ' என்று மட்டும் சொன்னேன். அவள் இரண்டாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் வேலையாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். சிரித்துவிட்டு இறங்கினாள்.

எண்பத்துநாலு படிக்கு அவளுக்கு நாலு நிமிடம். துணியைக் கழற்றி மடித்து வைக்க ஒன்று. உடம்பைக் கழுவ அஞ்சு. அவளுக்குக் கழுவக் கற்றுக்கொடுத்தவள் நான், காதுக்குப் பின்னால்கூட விடமாட்டாள். ஆக, அவள் தண்ணீரில் உட்காரும்போது பத்து இருபத்திரண்டு. அடுத்த கூட்டம் அதே சமயத்துக்கு. மேலே கம்பியோரம் நின்றேன். கடலைப் பார்ப்பது என் வேலை.

இதற்குப் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நானும் அதை வேறு பெயர் சொல்லி அழைக்கவில்லை. கள்ளக்கடல் என்று தெரிந்து, என் கையால் பலகையை எடுத்துவிட்டு, என் தங்கையை அந்தக் குளத்தில் இறக்கினேன். எழுதிவிட்டீர்களா? முத்திரை கொண்டுவந்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தொயோஹாஷியில் அவள் இருக்கப்போகிற கட்டடத்தின் படத்தைக் காட்டினாள். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் ஜன்னல். அங்கே ஒரு வருடத்தில் அவன் அவளைப் பார்த்துச் சலித்துவிடுவான். இடுப்புக்குத் தைலம் தேய்க்கிற வேலைக்காரியாகிவிடுவாள். அதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பிள்ளையை வளர்த்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களிடம் விளக்கிப் பயனில்லை.

ஒன்று மட்டும் கணக்குப்படி நடக்கவில்லை. பத்து இருபதுக்கு மேலே சாலையில் தொகாஷி வந்து நின்றான். கூட்டுறவுக் கடைக்கு வியாழக்கிழமை விடுமுறையாம். மூன்று மாதமாக அப்படித்தானாம். ஊர் ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்களாம். நான் அந்த ஒலிபெருக்கியைக் கேட்பதில்லை. அதை மறதி என்று யாரும் சொல்ல முடியாது.

கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். "கடைக்கு இன்னைக்கு லீவாம்க்கா. பாதி வழியிலயே பன் வண்டிக்காரர் சொல்லிட்டாரு, அவர்ட்ட பன் வாங்கிட்டுத் திரும்பிட்டேன். சூடா இருக்கு, சாப்பிடுங்க. சயோ எங்க?"

"கீழ."

படியைப் பார்த்தான். ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த கயிற்றைப் பார்த்தான்.

"காலைல பலகை இருந்துச்சேக்கா."

அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் என்னைப் பார்த்து அநேக வருடமாகிறது. பிறகு பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. இடுப்பு வலி என்று மூன்று வருடம் எங்கள் குளத்தில் ஊறியவன் அந்த எண்பத்துநாலு படியை எப்படி இறங்கினான் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். வந்தால் இந்தப் பலகையைப் பற்றித்தான் முதலில் சொல்வான். அதற்குப் பயந்து வந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பேருந்து ஓட்டியின் வாயால் இது வெளியே வருவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சயோ குளத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன். பத்து இருபத்து மூன்றுக்கு முதல் அலை வந்தது.

அது பெரிய அலை இல்லை. அவளைக் குளத்திலிருந்து எடுத்து வெளிப்பாறையில் வைத்துவிட்டு வடிந்தது. வெந்நீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். தொகாஷி ஷூவோடு, சட்டையோடு குளத்துக்குள் இறங்கி நடந்தான். இரண்டாவது அலை வந்தபோது அவள் கையைப் பிடித்துவிட்டான். அதை நான் மறுக்கவில்லை. மூன்றாவது அலைதான் பிரித்தது. அவனைப் பாறையில் அடித்துப் போட்டது, படகுக்காரர்கள் எடுத்தார்கள். சயோ மறுநாள் காலை மீன்வலையில் கிடைத்தாள். அலை எழும்போது ஓடிப்போய் ஒரு கையைப் பிடிப்பது யாராலும் முடியும். நாற்பத்தொன்பது வருடம் பிடித்துக்கொண்டிருப்பது வேறு.

அவளை எரித்து, எலும்பை அம்மாவின் கல்லறையிலேயே வைத்துவிட்டேன். தொகாஷிக்கு நினைவு முழுக்கத் திரும்பினால் கொஞ்சம் எலும்பாவது கேட்பான். கொடுக்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்தால் செல்லுமா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை மட்டும் சொல் மாறாமல் எழுத வேண்டும். முதல் அலை வடிந்து, அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், தொகாஷி கடைசிப் படிக்கு வந்துவிட்டான். அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டேதான் வந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பத்தடி இருந்திருக்கும். நான் எண்பத்துநாலு படிக்கு மேலே இருந்தேன், கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. சயோ தலையைத் தூக்கினாள். ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டாள்.

"அக்கா."

அவனை அல்ல, சார். பக்கத்தில் அவன் வந்து நின்றும், அவள் கூப்பிட்டது என்னைத்தான்.